பேஜர் டியூட்டி பிறந்த கதை

மொன்றியல் பக்கத்து லவாலில் இருந்து டொலார்-டே-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போகும் சில கார்களில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு லப்டொப்பும் ஏறும். வீட்டில் யாருக்கோ அந்த வாரம் ஒன்-கோல் என்று அர்த்தம். பூசை நடுவில் செல்பேசி அலறினால், கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய், எங்கோ விழுந்து கிடக்கும் சேர்வரை எழுப்ப வேண்டும்.

இப்படி அழைப்புக்குக் காத்திருப்பதைத் தொடக்கியது கணினிக்காரர் அல்ல. ரொறொன்ரோவில் பிறந்த அல் குரொஸ் 1949இல் பேஜருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் யூத மருத்துவமனை ஒன்றில் அது வேலைக்கு வந்தது. வைத்தியர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நோயாளி மிரளுவார் என்றார்கள், கோல்ஃப் ஆட்டம் கெடும் என்றும் சொன்னார்கள். இரண்டாவதுதான் உண்மைக் காரணமாக இருந்திருக்கும்.

மென்பொருளில் நெடுங்காலம் எழுதுகிறவர் ஒருவர், இரவுக் காவல் இன்னொருவர். அந்தப் பிரிவினையை உடைத்ததில் அமேசானுக்குப் பெரும் பங்கு. கட்டியவரே ஓட்டவும் வேண்டும் என்று அதன் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006இல் ஒரு நேர்காணலில் சொன்னார். தொழில் முழுக்க அது பரவியது. நியாயம் இல்லாமல் இல்லை. தன் பிழைக்குத் தானே நடுச்சாமத்தில் எழும்புகிறவர் அடுத்த முறை கவனமாக எழுதுவார். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த அலெக்ஸ் சாலமன், அன்ட்ரூ மிக்லாஸ், பாஸ்கர் புவநாதசன் மூவரும் 2009இல் ரொறொன்ரோவில் பேஜர்டியூட்டி என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள். சேர்வர் விழுந்தால் அதன் மென்பொருள் அன்றைய முறைக்காரரை அழைக்கும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவரை. 2019இல் அது நியூயோர்க் பங்குச்சந்தைக்கே போய்விட்டது.

கடமை வந்தது, காசு வந்ததா என்பது கொம்பனியைப் பொறுத்தது. கூகுள் போன்ற இடங்களில் ஒன்-கோல் நேரத்துக்குப் பணமோ விடுப்போ உண்டு. வேறு பல இடங்களில் எல்லாம் சம்பளத்துக்குள் அடக்கம். ஒன்ராறியோச் சட்டப்படி தகவல் தொழில்நுட்ப வல்லுநருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு உரிமையே இல்லை. கியூபெக்கில் அந்த விலக்கு கிடையாது. வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆனால் அது எழும்பி வேலை செய்த நேரத்துக்கு. வேலைக்காகக் காத்திருப்பதை கியூபெக் சட்டம் வேலையாக எண்ணுவது, வேலைத்தலத்தில் இருந்து காத்திருந்தால்தான். வேலைத்தலம் காரின் பின் சீற்றில் வரும் என்று 1979இல் அதை எழுதியவர்கள் கண்டார்களா?

வெறும் காத்திருப்பு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் மொன்றியலில் இருந்துதான். போனவர்கள் சட்டத்தரணிகள். மத்திய நீதித் திணைக்களத்தின் கியூபெக் அலுவலகத்தில், நாடுகடத்தலை நிறுத்தக் கோரும் அவசர மனுக்களுக்காக மாலைகளிலும் வார இறுதிகளிலும் முறைவைத்துக் காத்திருந்தவர்கள். விரும்பி வந்தவர்களுக்கு, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. 2010இல் அதை நிறுத்தினார்கள். ஆட்கள் முன்வரவில்லை. உடனே கட்டாயம் என்று உத்தரவு. அந்த உத்தரவு நியாயமான நிர்வாக அதிகாரம் அல்ல என்று முன்பு நடுவர் சொன்ன முடிவை, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது.

அவர்களுக்குச் சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருந்தன. மென்பொருள்காரருக்குப் பெரும்பாலும் இருப்பது வேலைக் கடிதம் ஒன்றுதான். ஒன்-கோல் வாரத்துக்கு எவ்வளவு என்று அதில் ஒரு வரி இல்லாவிட்டால், கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால், எல்லாரும்தானே செய்கிறார்கள் என்பார்கள்.