'நைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் இன்று பொதுவான பாராட்டுச் சொல்லாக வழங்கும் 'நைஸ்', தொடக்கத்தில் அறிவின்மையைக் குறித்தது. ஏறத்தாழ 500 ஆண்டுகளில் அச்சொல் அடைந்த பொருள் மாற்றங்களை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. பழைய நூல்களுக்குப் பொருள்கொள்வோர் சூழலோடு காலத்தையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதை நிறுவுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: பொருள் மாற்றம், பல்பொருள் ஒருசொல், அகராதியியல், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

பல பொருள் தரும் சொல்லைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் 'பல்பொருள் ஒருசொல்' என்கிறது. வினை, இனம், சார்பு ஆகியவற்றால் அதன் பொருளைத் தெளியலாம் என்பது அந்நூலின் நெறி. 'மா பூத்தது' எனின் மரம். 'மா ஓடிற்று' எனின் விலங்கு. ஒரே காலத்தில் வழங்கும் பொருள்களைப் பிரித்தறிய இந்நெறி பெரிதும் உதவும். ஆனால் ஒரு சொல்லின் பொருள்கள் காலந்தோறும் தோன்றி மறைந்திருப்பின், இந்நெறி மட்டும் போதுமா என்னும் வினா எழுகிறது. இதற்கு 'நைஸ்' தக்க சான்றாகும்.

அறிவின்மையிலிருந்து நுண்மைக்கு

'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். 'அறிதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடி எதிர்மறை முன்னொட்டுடன் சேர்ந்து அச்சொல் பிறந்தது. 'சயின்ஸ்' என்னும் சொல்லும் அவ்வினையடியிலிருந்தே வந்தது. பழைய பிரெஞ்சின் வழியாகக் கி.பி. 1300 அளவில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது 'நைஸ்' பேதைமையையே குறித்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆக்கங்களில் இப்பொருளைக் காணலாம்.

பின்னர் ஒழுக்கத் தளர்ச்சி, ஆடம்பரம், கூச்சம், எளிதில் நிறைவடையாத தேர்வு மனப்பான்மை ஆகியவற்றையும் அச்சொல் சுட்டியது. எதையும் ஆராய்ந்தே ஏற்பவரின் இயல்பைக் குறித்த சொல், 16-ஆம் நூற்றாண்டில் நுட்பத்தையும் துல்லியத்தையும் உணர்த்தலாயிற்று. அந்நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டிலும் கிடைக்கும் பல சான்றுகளில், ஆசிரியர் கருதிய பொருள் எது எனத் துணிவது அரிது என்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே குறிப்பிடுகிறது.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தின் 5-ஆம் அங்கம் இங்குக் கருதத்தக்கது. உரியவரிடம் சேராத கடிதம் 'நைஸ்' அன்று எனத் துறவி லாரன்ஸ் கூறுகிறார். 'அற்பமானதன்று' என்பதே அதன் பொருள். 'இனியதன்று' எனக் கொண்டால் காட்சியின் உட்பொருளே சிதையும். இன்றைய பொருள் அங்குப் பொருந்தவில்லை என்பதைச் சார்பு உணர்த்தும். பொருந்தும் பொருள் எது என்பதை அக்கால வழக்கே உணர்த்தும்.

நுண்மையிலிருந்து இனிமைக்கு

1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, நுணுக்கமாக மதிப்பிடும் துல்லியத்தையே இச்சொல்லின் முதற்பொருளாகத் தருகிறது. 'இனிய' என்னும் பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. 1817-இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' புதினத்தில், எதையும் பாராட்ட இவ்வொரு சொல்லையே பயன்படுத்தும் வழக்கத்தை ஹென்றி டில்னி எள்ளி நகைக்கிறான். நேர்த்தியும் நயமுமே அதன் தொடக்கப் பொருள் என்பது அவன் வாதம். உண்மையில் அவை இடைக்காலத்தில் வந்து சேர்ந்த பொருள்கள். பிறரின் தளர்வான வழக்கைத் திருத்த முனைபவனும் தனக்குப் பழகிய பொருளையே மூலப்பொருளாகக் கருதிவிடுகிறான். பழைய பொருள் முற்றும் அழியவுமில்லை; நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்க ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லை ஆள்கின்றனர்.

தமிழ் வழக்கு

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'மாவை நைசாக அரை' என்பது நுண்மையையும், 'நைசாக நழுவினான்' என்பது பிறர் அறியாத நயத்தையும் குறிக்கின்றன. இவை இன்றைய ஆங்கிலத்தின் பாராட்டுப் பொருளைவிட அதன் பழைய நுண்மைப் பொருளுக்கு நெருக்கமானவை. ஆயினும் 'நை' என்னும் தமிழ் வினையடியிலிருந்து வரும் 'நைய' என்பதன் ஒலியும் பொருளும் இங்கு நினைக்கத்தக்கவை. எனவே ஒப்புமையை மட்டும் கொண்டு கடன்பேற்றின் வழியை முடிவு செய்தல் பொருந்தாது.

முடிவுரை

சங்கப் பாடலில் வரும் 'நாற்றம்' நறுமணத்தைக் குறிக்கும் என அறிந்த தமிழாய்வாளர், பழைய ஆங்கில நூல்களையும் ஆவணங்களையும் அணுகும்போதும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும். அறிமுகமற்ற சொல் நம்மை அகராதிக்கு அனுப்பும். நன்கு அறிந்த சொல்லோ ஐயத்திற்கே இடம் தராது. ஆதலால் வினை, இனம், சார்பு என்பவற்றோடு காலத்தையும் நான்காவது அளவுகோலாகச் சேர்த்துப் பொருள்கொள்வதே தகும்.