தோம்பும் பாவசங்கீர்த்தனமும்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது, கரம்பொன் உள்ளிட்ட தீவுப்பகுதி மக்களின் மனச்சாட்சியும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்களின் குருமார் விரட்டப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பள்ளிக்கூட ஆசிரியரின் கையில் தோம்பு என்னும் அந்தப் பதிவேடு இருந்தது. யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார், யார் பள்ளிக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் ஏறின. அதில் பெயர் இல்லாதவருக்குத் திருமணத்தையும் முதுசத்தையும் நிலைநாட்டுவது சிரமம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கீழ் முதலியாராகவோ ஆசிரியராகவோ பதவி வகிக்க விரும்பியவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும். அக்காலத்தில் ஒல்லாந்தக் கம்பனி அரசாக மட்டும் இருக்கவில்லை, பதவியும் சம்பளமும் தரும் எசமானாகவும் இருந்தது. சம்பளம் தருபவன் ஊழியனின் அகத்தையும் ஏட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் தீவுகளுக்கு முந்நூற்றைம்பது ஆண்டுப் பழையது.

அந்த ஏடு எதைப் பிடித்தது? ஆயிரக்கணக்கான பெயர்களைப் பிடித்தது, மனங்களைப் பிடிக்கவில்லை. கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, ஆண்டுக்கணக்காகக் குருவைக் காணாத கத்தோலிக்கர் ஒளிவில் தம் விசுவாசத்தைக் காத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். வெளிக்குக் கிறிஸ்தவராகவும் வீட்டுக்குள் சைவராகவும் வாழ்ந்த குடும்பங்களும் ஏராளம். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, கத்தோலிக்கரின் குடியியல் உரிமைகளை 1806ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஒழுங்குவிதி மீட்டுக்கொடுத்த பிறகு, தோம்பில் இருந்த சபையின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. அதே கரம்பொனில் 1913இல் பிறந்த தமிழறிஞரான தனிநாயகம் அடிகள் உரோமையில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியன் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் குருமாரைப் பற்றி. அந்தக் காலத்தின் பெரும் சிக்கலும் இதே வகையானது: தேவர்களுக்குப் பலியிட்டதாகச் சான்றிதழ் காட்டவேண்டும் என்று உரோமைப் பேரரசன் தேசியுஸ் கட்டளையிட, பலியிடாமலே சான்றிதழைக் காசுக்கு வாங்கிக்கொண்டவர்கள் பலர். அதிகாரம் உள்ளவன் படிக்கப்போகும் ஏட்டில் மனிதர் அவன் விரும்புவதைத்தான் எழுதுவிக்கிறார்கள். கார்த்தேஜிலும் கரம்பொனிலும் நடந்தது அதுதான்.

இதே மண்ணில் இதற்கு நேரெதிரான இன்னொரு வழக்கமும் இருந்தது: கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவிடம் இரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளிவிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுவதும் மடமொன்றில் தவஞ்செய்ய அடைத்துவிட வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இதைப் பலரும் அறிவார்கள். அதற்குப் பின் வந்த விதிகளே எனக்கு மேலும் முக்கியமாகத் தெரிகின்றன. பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததைக் கொண்டு தமக்குக் கீழுள்ளவர்களை நிர்வகிக்கக் கூடாது என்று துறவற மடங்களின் தலைவர்களுக்கு 1593இல் பாப்பரசர் எட்டாம் கிளமெந்து கட்டளையிட்டார். மடத் தலைவர்கள் தமக்குக் கீழுள்ளவர்களின் மனச்சாட்சியைத் திறந்துகாட்டும்படி வற்புறுத்துவதை 1890இல் உரோமை தடைசெய்தது. நவதுறவியரின் பயிற்சியாளரும் குருமட அதிபரும், தம்மோடு ஒரே இல்லத்தில் வாழும் மாணவர் தாமாகக் கேட்டாலன்றி, அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 985ஆம் விதி சொல்கிறது. வாயை மூடிக்கொள்வது மட்டும் போதாது, கேட்பவனும் பதவி உயர்வு தருபவனும் ஒருவனாக இருக்கக் கூடாது என்பதை அனுபவத்தால் கற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் சட்டங்கள் இவை. இன்று நிறுவனங்கள் தம் ஊழியருக்குத் தரும் பணியிட உளநலத் தளங்களை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இன்று கொழும்பில் வங்கி வேலையிலோ ரொறன்ரோவில் அலுவலக வேலையிலோ இருக்கும் தீவக இளைஞரின் கைபேசியில், நிறுவனமே பணம் கட்டித் தந்த உளவளத்துணைச் செயலி ஒன்று இருக்கலாம். உறக்கம், மனநிலை, குடும்பச் சண்டை, தற்கொலை எண்ணம் என்று அது கேட்கும் கேள்விகள் எந்தத் தோம்பும் கேட்டதைவிட ஆழமானவை. இத்தகைய தரவு களவுபோகும் என்பதற்குச் சான்று பின்லாந்தின் வஸ்தாமோ சிகிச்சை நிறுவனம்: ஏறத்தாழ 33,000 பேரின் சிகிச்சைக் குறிப்புகளைத் திருடியவன் 2020இல் நோயாளர்களுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினான். வெளியாருக்கும் போகும் என்பதற்குச் சான்று அமெரிக்காவின் இணையவழி உளவளத்துணைத் தளமான பெட்டர்ஹெல்ப்: பயனாளரின் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காக முகநூல் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டில் அது 2023இல் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆனாலும் களவை விட எனக்கு அச்சந்தருவது, ஒப்பந்தப்படி முறையாகவே முகாமையாளரின் மேசைக்குப் போகும் அறிக்கை. 1983 யூலை வன்செயலில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியவர்களைக் கண்ட சமூகம் இது. 1990இல் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகமும் இதுதான். இப்படிப்பட்டவர்கள் தம் மனத்துயரை ஒரு பட்டியலில் ஏற்றத் தயங்குவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ, 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சாந்திகம் ஆகிய உளநல அமைப்புகள் யாருடைய வேலைக்கும் எசமானாக இல்லாத இடத்தில் இருந்தே துயரைக் கேட்டன. அவற்றின் மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அந்த விலகலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இரகசியம் ஆபத்தையும் மறைக்குமே என்பது வலுவான மறுப்பு. 2015இல் ஜேர்மன்விங்ஸ் விமான நிறுவனத்தின் துணைவிமானி ஒருவன் தன் நோயை மறைத்து, தன்னோடு சேர்த்து 150 பேர் இருந்த விமானத்தை மலையில் மோதினான். அவனைப் பார்த்த மருத்துவர் எவரும் அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. பாவசங்கீர்த்தன இரகசியமும் சிறுவர் மீதான கொடுமைகளை மறைக்கப் பயன்பட்டது என்பதால், அவ்வாறு கேட்டதையும் குருமார் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என 2017இல் அவுஸ்திரேலிய ஆணைக்குழு பரிந்துரைத்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. உயிர் ஆபத்து தெளிவாக இருக்குமிடத்தில் விலக்கு வேண்டும். ஆனால் அந்தச் செய்தி போய்ச்சேர வேண்டிய இடம் தகுதியைத் தீர்மானிக்கும் மருத்துவ அதிகாரியே அன்றி, சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் முகாமையாளர் அல்ல. அந்த விமானம் பற்றிய பிரெஞ்சு விசாரணை அறிக்கையே, உரிமத்தையும் வருமானத்தையும் இழந்துவிடுவோம் என்ற பயம் உதவியை நாடாமல் தடுத்ததைக் குறிப்பிட்டு, மருத்துவர் எப்போது இரகசியத்தை மீறலாம் என்பதைத் தெளிவாக்கவும் வேலை இழப்பின் பாரத்தைக் குறைக்கவும் சொன்னது. கண்காணிப்பைக் கூட்டினால் ஒளிப்பதும் கூடும். தோம்பின் கதையும் அதுவே.

பெயர் நீக்கிய மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். பத்தாயிரம் பேர் வேலைசெய்யும் இடத்தில் அது நியாயமான பதில். ஏழெட்டுப் பேர் இருக்கும் ஒரு கிளையில் "இருவர் மனச்சோர்வுக்கு உதவி நாடினர்" என்று வந்தால், அடுத்த வாரம் விடுப்பெடுத்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அதிலும் ஒருவரின் தகப்பன் பெயர்வரை தெரிந்த தீவக உறவுவட்டத்தில் கேட்கவே வேண்டாம். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அறிக்கையே தரக்கூடாது. ஊழியரே சம்மதித்துக் கையொப்பமிட்டார் என்பதும் பலவீனமான வாதம். முதலியார் பதவிக்காக ஞானஸ்நானம் பெற்றவரும் சம்மதித்தவர்தான்.

இலங்கையில் மனநோயாளர் பற்றி 1873இல் ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டம் நோயாளியை நீதிமன்ற விசாரணைக்கு உட்படுத்தியதே ஒழிய அவரது இரகசியத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. உடல், மனநலத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் காக்க முனைந்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. சட்டம் முழுமையாக வரும்வரை ஊழியரும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கவேண்டியவை சில உண்டு: தளத்தை நடத்துபவர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குக் கட்டுப்படாதிருத்தல், யார் பயன்படுத்தினார் என்ற விவரமே தொழில்தருநருக்குப் போகாதிருத்தல், வேலையை விட்டுப் போகும்போது குறிப்புகளை அழிப்பிக்கும் உரிமை, தளம் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டாலும் அந்த உரிமை தொடர்தல்.