கடவுளர் முற்றத்திற்கு வழி சொன்னவர்கள்

ஜப்பான் என்றதும் ஃபுஜி மலையும் செர்ரி மலர்களும் நெரிசல் மிகுந்த தோக்கியோ நகரமும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் போகவிருக்கும் இடம் இவற்றுள் எதனோடும் சேராதது. ஜப்பானின் பெருந்தீவுகளுள் வடகோடியில் இருப்பது ஹொக்கைடோ. அதன் நடுவில் எரிமலைகள் பல நெருக்கியடித்து நிற்கும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. டைசெட்சுசான் என்று பெயர். 'பெரும்பனி மலை' என்பது பொருள். 1934ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவான இப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,270 சதுரக் கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் மூன்று தீவுகளை அதற்குள் வைத்துவிடலாம்.

இங்கே கோடையில் மலைநடைக்கென்று சிறு சிறு குழுக்கள் வருகின்றன. ஏழெட்டுப் பேர், சில சமயம் பத்துப் பதினைந்து பேர். முன்னால் ஒரு வழிகாட்டி. அசஹிடாகே என்னும் 2,291 மீட்டர் உயரமுள்ள எரிமலையில் தொடங்கித் தெற்கே டொமுராவுஷி வரை நடக்க மூன்று நாள் ஆகும். இன்னும் தெற்கே டொகாச்சிடாகே வரை போனால் மேலும் சில நாட்கள். வழியில் கடை இல்லை. உணவு தரும் விடுதி இல்லை. மரக் குடிசைகள் சில உண்டு. அரிசியும் அடுப்பும் போர்வையும் நம் முதுகிலேயே வரவேண்டும். செப்டம்பர் நடுவிலேயே பனி விழத் தொடங்கிவிடும். ஜூலை மாதத்திலும் பழைய பனி பாளம் பாளமாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் மலர்கள் பூத்திருக்கும். சில பள்ளங்களில் எரிமலையின் நச்சுவாயு தேங்கி நிற்பதால் அங்கே இறங்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள்.

இத்தகைய இடத்தில் முன்னால் நடப்பவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று. ஆகவே இந்த மலைகளின் வரலாற்றை அரசர்களையும் போர்களையும் வைத்துப் பாராமல், வழிகாட்டிகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் வழிகாட்டிகள் ஐனு மக்கள். ஜப்பானியர் வந்து குடியேறுவதற்கு முன்பே அத்தீவில் வாழ்ந்த பழங்குடியினர் அவர்கள். எழுத்து வழக்கு அவர்களிடம் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஓடைக்கும் வளைவுக்கும் பாறைக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களும் வெறும் அலங்காரப் பெயர்கள் அல்ல. அந்த இடத்தில் என்ன இருக்கிறது, என்ன கிடைக்கும், எதற்கு அஞ்சவேண்டும் என்று சொல்பவை. இஷிகாரி ஆற்றில் படகு கவிழக்கூடிய ஒரு மலையிடுக்குக்குக் கமுய்கொத்தான் என்று பெயர். 'கடவுளின் ஊர்' என்பது பொருள். உயரத்தில் உள்ள மேட்டுநிலத்தைக் கமுய் மிந்தாரா என்றனர். மிந்தாரா என்றால் முற்றம். கடவுளர் விளையாடும் முற்றம் என்று சுற்றுலாக்காரர்கள் இதை இனிமையாக விளக்குவார்கள். ஐனு மொழியில் கமுய் என்பது கரடியையும் குறிக்கும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுப்புக் கரடிகள் இன்றும் அந்த முற்றத்தில் உலவுகின்றன.

இந்தப் பெயர்களையெல்லாம் காகிதத்தில் ஏற்றியவர் மட்சுவுரா தகேஷிரோ. 1818இல் இசே நாட்டில், அதாவது இன்றைய மியே மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய வீடு இருந்த தெரு, புகழ்பெற்ற இசே திருக்கோயிலுக்கு யாத்திரிகர்கள் நடந்து போகும் பெருவழி. நாள்தோறும் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மனிதர்களைப் பார்த்து வளர்ந்த பையன் வீட்டில் இருப்பானா? பதினாறு வயதில் புறப்பட்டுவிட்டார். 1845 முதல் 1858 வரை ஆறு முறை வடதீவுக்குச் சென்றார். அப்போது அத்தீவுக்கு எசோ என்று பெயர். முதல் மூன்று பயணங்கள் சொந்த முயற்சி. பின்னைய மூன்றும் எதோவில் இருந்த ஷோகுன் அரசின் ஊழியராக. ரஷ்யக் கப்பல்கள் வடக்கே நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கே நம் நிலம் எப்படி இருக்கிறது என்று அரசுக்கு அப்போதுதான் கவலை பிறந்தது.

1857இல் இஷிகாரி ஆற்றின் வழியே அவர் உள்நாட்டுக்குள் புகுந்தார். மறு ஆண்டு பெரும்பனி மலைகளின் மேற்குச் சரிவை ஒட்டித் தெற்கே இறங்கி டொகாச்சி நிலத்துக்குக் கடந்தார். சிகரங்களில் ஏறிக் கொடி நடுவது அவர் நோக்கமன்று. ஆறுகளின் மூலத்தையும், ஊர்களையும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழியையும் அறிவதே நோக்கம். படகு செலுத்தியவர்கள் ஐனுக்கள். இரவில் குடில் கட்டியவர்கள் ஐனுக்கள். எந்த ஓடையில் இறங்கலாம், எதில் இறங்கக்கூடாது என்று சொன்னவர்களும் அவர்களே. மட்சுவுரா கையேட்டை விரித்துக் கேட்டதைக் கேட்டபடி எழுதினார். 1859இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் ஏறத்தாழ 9,800 ஐனு இடப்பெயர்கள் உள்ளன. ஒரு மனிதன் தன் கண்ணால் மட்டும் பார்த்துச் சேர்க்கக் கூடிய எண்ணிக்கையா இது? அத்தனை பெயரும் யாரோ ஒருவர் விரலை நீட்டிச் சொன்னவை.

வழிகாட்டிகளை 'உள்ளூர் ஆள்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது பயண நூலாசிரியர்களின் பழைய வழக்கம். எல்லா நாட்டிலும் உண்டு. மட்சுவுரா அதைச் செய்யவில்லை. கூட வந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதினார். போன ஊர்களில் வீடு வீடாக யார் இருக்கிறார்கள், என்ன வயது என்று குறித்து, அதை அதிகாரிகளின் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்போதுதான் கொடுமை வெளிப்பட்டது. கடற்கரையில் மீன்பிடிக் குத்தகை எடுத்த வணிகர்கள், உள்நாட்டு ஊர்களில் இருந்த இளையவர்களையெல்லாம் வேலைக்கு வாரிக்கொண்டு போயிருந்தார்கள். ஊரில் எஞ்சியவர்கள் கிழவர்களும் நோயாளிகளும் குழந்தைகளும். வரைபடம் எழுதப் போனவர் வழக்குரைஞராகத் திரும்பினார் என்று சொல்லலாம். ஐனு மக்களின் வாழ்வையும் துன்பத்தையும் 1858இல் ஒரு நூலாக எழுதினார். வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. அது அச்சேறியது 1912இல்; அவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து.

அரசு மாறியது. 1869இல் புதிய மெய்ஜி அரசு தீவுக்குப் புதுப்பெயர் வேண்டுமென்றது. மட்சுவுரா எழுதிக் கொடுத்த பெயர்களுள் ஒன்றில் 'கைய்' என்னும் ஓசை நடுவில் வரும். தெஷியோ ஆற்றங்கரையில் அயெதொமோ என்னும் ஐனு முதியவர், 'கைய்' என்றால் இம்மண்ணில் பிறந்தவர் என்று தமக்குச் சொன்னதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். வடக்கே இம்மண்ணில் பிறந்தோர் வாழும் நாடு என்பது அவர் கருத்து. அரசு ஓசையை ஏற்றுக்கொண்டது, எழுத்தை மாற்றிவிட்டது. அதே ஓசைக்குக் 'கடல்' என்று பொருள்படும் எழுத்தை இட்டு 'வடகடல் நாடு', ஹொக்கைடோ, என்று ஆக்கிவிட்டார்கள். காதுக்கு ஒன்றும் வேறுபாடு தெரியாது. கண்ணால் படிப்பவருக்கு மட்டும் அந்த மண்ணின் மக்கள் அங்கே இல்லை. குத்தகை முறையும் முற்றாக ஒழியவில்லை. 1870இல் மட்சுவுரா பதவியைத் துறந்தார். அதன்பின் அவர் அத்தீவுக்குப் போகவே இல்லை. எழுபது வயதில் ஃபுஜி மலை ஏறினார்; 1888இல் காலமானார்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். தென்னாட்டிலிருந்து குடியேறிகள் வந்தார்கள், காடு வயலாயிற்று, 1899இல் 'பாதுகாப்பு' என்ற பெயரில் வந்த சட்டம் ஐனுக்களை வேட்டையிலிருந்து பிரித்து உழவுக்குத் தள்ளியது. அச்சட்டம் நீக்கப்பட்டது 1997இல்தான். ஐனுக்கள் அம்மண்ணின் முதற்குடிகள் என்று நாட்டின் சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்டது 2019இல்.

குடியேறிகளுள் ஒரு கூட்டம் மட்சுவுராவின் சொந்த மாநிலமான மியேயிலிருந்தே வந்தது. 1897இல் டொகாச்சிடாகேயின் அடிவாரத்தில் கமிஃபுரானோ என்னும் இடத்தில் அவர்கள் ஊர் அமைத்தார்கள். முப்பதாண்டு உழைப்பில் நெல் விளைந்தது. மேலே மலை புகைந்துகொண்டிருந்தது. எரிமலைவாயில் கந்தகம் வெட்டும் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1926 மே 24 அன்று மலை வெடித்தது. வாயின் ஒரு பக்கம் சரிந்து, கொதிக்கும் மண்ணும் கல்லும் வசந்தகாலப் பனியின் மேல் விழுந்தன. உருகிய பனி மண்ணைச் சேர்த்துக்கொண்டு சேற்று வெள்ளமாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கியது. இருபத்தைந்து நிமிடங்களில் வயல்வெளியை அடைந்துவிட்டது. இறந்தோரும் காணாமற் போனோரும் 144 பேர். எரிமலை என்றால் தீக்குழம்பு என்றுதான் நாம் எண்ணுகிறோம். அங்கே ஊரை அழித்தது பனிநீர். கந்தகம் ஊறிய அந்த வயல்களைக் கைவிட்டுப் போய்விடலாம் என்றவர்கள் பலர். ஆயினும் வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மறுபடியும் நெல் விளைவித்தார்கள். அசஹிகாவா நகரத்து எழுத்தாளர் மியுரா அயாகோ 1970களில் இதை நாவலாக எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், கீழே இவ்வளவு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மேலே பொழுதுபோக்குக்காக மலையேறும் வழக்கம் பிறந்தது. 1921இல் ஒமாச்சி கெய்கெட்சு என்னும் எழுத்தாளர் உள்ளூர் வழிகாட்டியோடு பெரும்பனி மலைமேல் ஏறிக் கடந்து, அதைப் புகழ்ந்து எழுதினார். நாடு அறிந்தது. சோவுன்கியோ என்னும் பெயரை அந்தப் பள்ளத்தாக்குக்குச் சூட்டியவரும் அவரே. அவர் பெயரால் ஒரு சிகரமும் இருக்கிறது. 1964இல் ஃபுகாடா கியுயா 'ஜப்பானின் நூறு புகழ்மலைகள்' என்ற நூலை வெளியிட்டார். அதில் அசஹிடாகே உள்ளிட்ட டைசெட்சு, டொமுராவுஷி, டொகாச்சிடாகே மூன்றும் இடம்பெற்றன. 1960களின் கடைசியில் கம்பிவடத் தொட்டில்களும் வந்தன.

அந்த நூல் நல்ல நூல்தான். ஆனால் நூறு என்ற எண் மக்களைப் பிடித்துக்கொண்டது. ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொன்றாக ஏறி எண்ணத் தொடங்கினார்கள். தொலைவிலுள்ள மலைகளுக்குப் பயண நிறுவனங்கள் குழு சேர்த்தன. வானூர்தி நிலையத்தில் முதன்முறை சந்திப்பவர்கள் ஒரு குழு. அவர்களை அதற்குமுன் பார்த்திராதவர் வழிகாட்டி. திரும்பும் வானூர்திக்குச் சீட்டு முன்கூட்டியே வாங்கியாயிற்று.

2009 ஜூலை 16 விடியற்காலை, பதினைந்து பயணிகளும் மூன்று வழிகாட்டிகளும் கொண்ட அத்தகைய குழு ஒன்று ஏரிக்கரைக் குடிசையிலிருந்து டொமுராவுஷியை நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினர். முந்திய நாள் மழையில் உடைகள் நனைந்திருந்தன. பிற்பகலில் வானம் தெளியும் என்று எதிர்பார்த்தார்கள். திட்டத்தில் ஓய்வுக்கென ஒருநாள்கூட மிச்சம் வைக்கப்படவில்லை. மூன்று வழிகாட்டிகளும் அந்தப் பாதையை ஒரே அளவில் அறிந்தவர்களும் அல்லர். மேட்டில் காற்று நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வீசியது. சிகரத்தின் அருகில் ஏரி நிரம்பி வழிந்து பாதையே ஓடையாயிற்று. அதைக் கடக்க உதவும்போது நனைந்தவர்களும், காத்திருக்கும்போது குளிர்ந்தவர்களும் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். குழு சிதறியது. ஏழு பயணிகளும் ஒரு வழிகாட்டியும் இறந்தனர்.

அன்று அங்கே வெப்பநிலை ஏறத்தாழப் பத்துப் பாகை. பனிக்கட்டி உறையும் நிலை அன்று. நம் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் குளிரைவிடக் குறைவு. ஆனால் நனைந்த துணியின்மேல் பலத்த காற்று அடித்தால், உடல் உண்டாக்கும் சூட்டைவிட அது பறித்துக்கொள்ளும் சூடு அதிகம். உள்ளுடம்பு ஓரிரு பாகை குளிர்ந்ததுமே முதலில் போவது அறிவுத்தெளிவு. பையிலே உலர்ந்த மேலுடை இருக்க, அதை எடுத்து உடுத்த வேண்டும் என்பதே தோன்றாது. வெப்பநாட்டில் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது. நம்மவர்களும் இப்போது அங்கே நடக்கப் போகிறார்கள்.

அதே குடிசையில் தங்கி அதே நாளில் அதே வழியே சென்ற வேறோர் அறுவர் குழு உயிரோடு கீழே இறங்கியது. அவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். நிபுணர்கள் விசாரித்து 2010இல் அறிக்கை வெளியிட்டார்கள். புறப்படும் முன்பும் வழியிலும் நின்றுவிடுவதற்கு வாய்ப்புகள் இருந்தும் அந்த முடிவு எடுக்கப்படவில்லை என்பதுதான் அதைப் படிப்பவர் நெஞ்சில் தங்குகிறது. கினாபாலு மலையில் வழிகாட்டி இல்லாமல் யாரையும் மேலே விடுவதில்லை. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. நல்ல வழிகாட்டியோடு போவதா, பெயருக்கு ஒருவரோடு போவதா என்பதைப் பயணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று நிலப்படத்தில் டொமுராவுஷி என்ற பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும் சொல் ஐனுச் சொல்தான். அதற்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். மலர்கள் மிகுந்த இடம் என்பது ஒன்று. பயணிகள் விரும்பிக் கேட்பது அதைத்தான். மற்றொன்று, மலையடியில் ஓடும் அப்பெயருள்ள ஆற்றைப் பற்றியது: வெந்நீரூற்றின் படிவு சேர்ந்து கல்லெல்லாம் வழுக்கும் இடம்.