கொத்மலையில் ஒலித்த குரல்

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் தலைநகரத்தை விட்டு அகலுவதில்லை. 1925இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது, 1949இல் அது இலங்கை வானொலியாயிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. இவற்றை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்லுவர். ஆனால் மலையகத்தின் நடுவே, நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில், ஒரு சிற்றூர் நிலையம் தோன்றியதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினேன். ஒரு கையும் உயரவில்லை.

முதலில் மலையின் இயல்பைக் கவனிப்போம். பண்பலை ஒலிபரப்பின் அலை ஏறத்தாழ 3 மீற்றர் நீளமுடையது. அது பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். குன்று குறுக்கிட்டால் அதன் பின்னே நிழல் விழும். ஒரு பள்ளத்தாக்கிலே தெளிவாய்க் கேட்கும் பாட்டு அடுத்த பள்ளத்தாக்கிலே வெறும் இரைச்சலாகிவிடும். இக்குறையை நீக்கவே உயரமான இடங்களில் அஞ்சல் நிலையங்களை நிறுவுகின்றனர். ஓர் அலைவரிசையிற் பெற்றதை அவை மற்றோர் அலைவரிசையில் மீண்டும் பரப்பும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அஞ்சல் நிலையம் தலைநகரின் பேச்சைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவரும். பள்ளத்தாக்கின் பேச்சைத் தலைநகருக்குக் கொண்டு செல்லாது.

கொத்மலை நிலையம் இவ்வகையினின்றும் வேறுபட்டது. அதன் பிறப்பிற்கு அணையே காரணம். மகாவலித் திட்டத்தின் கீழ்க் கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவுற்றபோது வயல்களும் விகாரைகளும் வீடுகளும் நீருள் மூழ்கின. குடியெழுப்பப்பட்டோருட் சிலர் தொலைதூரக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். சிலர் அண்டையிலிருந்த தேயிலைக் காணிகளில் அமர்த்தப்பட்டனர். இத்தகைய மக்களோடு பேசுவதற்கென, டென்மார்க்கின் உதவியோடும் யுனெஸ்கோவின் துணையோடும், 1981இல் மகாவலிச் சமுதாய வானொலி தொடங்கியது. அதன் ஒலிபரப்பாளர் கிராமங்களிலே சில நாள் தங்கி, மக்களின் பேச்சையும் பாட்டையும் முறையீட்டையும் நாடாவிற் பதிந்தனர். அம்முயற்சியின் ஒரு கிளையாகவே 1989இல் கொத்மலை நிலையம் பிறந்தது. பத்தாண்டுகளின் பின் அங்கே இணையமும் வந்தது. நேயர் கேட்ட வினாவிற்கு ஒலிபரப்பாளர் இணையத்தில் விடை தேடி, அதனை மக்கள் மொழியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி அமைக்கப்பட்டது. கணினியையே காணாத உழவன் உலக அறிவோடு உரையாடிய அச்செய்தியை அயல்நாட்டு ஆய்வாளர் வியந்து எழுதினர்.

பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் அங்கு மக்கள் மொழி என்றது எம்மொழியை? நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம். அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலோ தமிழ் பேசும் தொழிலாளர் வாழ்ந்தனர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் வழிவந்தவர் அவர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென்றது. ஈராண்டின் பின் பிறந்த நிலையத்தில் அவ்வெழுத்து எவ்வளவு தூரம் ஒலியாயிற்று? இவ்வினா சிங்கள உழவனுக்கு எதிரானதன்று. நிலம் இழந்தவன் அவன். நிலமே பெறாதவன் தோட்டத் தொழிலாளி. இருவரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்த்தியிருப்பின், ஒருவர் துயரை மற்றவர் அறிந்திருப்பர். திட்டம் தீட்டியோர் அணைநீரைப் பங்கிட்டதுபோல் குரலைப் பங்கிட நினைக்கவில்லை.

சிற்றூர் நிலையங்களின் வரலாறு எளிதில் அழிவது. நாடாவின் மேல் நாடா பதிவாகிறது, கேட்டவர் முதுமையடைகின்றனர். ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து முதியோரிடம் செல்லுங்கள். எந்த வானொலியைக் கேட்டனர், எம்மொழியிற் கேட்டனர், எப்போதேனும் அதிலே தாம் பேசியதுண்டா என்று கேட்டு எழுதுங்கள். “நாங்கள் கேட்டோம், எங்களை யாரும் கேட்கவில்லை” என்பதே விடையாயினும், அதுவும் வரலாறே.