எல்லைப் படலம்

மாதக்கணக்கில் சுழன்ற மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துப் பாருங்கள், தூசி அப்பிக்கொண்டு வரும். இறக்கையைத் தொடும் காற்று அதனோடு ஒட்டியே சுழல்வதால் தூசி பறப்பதில்லை. அந்த ஒட்டுதல் மெல்ல விலகும் மெல்லிய அடுக்கே எல்லைப் படலம், ஜெர்மனில் ‘கிரென்ஸ்ஷிக்ட்’. ‘ஷிக்ட்’ அடுக்கு, எல்லையைக் குறிக்கும் ‘கிரென்ஸ’ ஸ்லாவிய மொழிகளிலிருந்து ஜெர்மனுக்கு வந்த சொல்.

1904இல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் ஜெர்மன் இயற்பியலாளர் லுட்விக் பிராண்டல் இதை விளக்கினார். காற்றின் பாகுநிலை, அதாவது அதன் உள் உராய்வு, மிகச் சிறியதுதானே என்று முழுதும் நீக்கினால், சீராக நகரும் பொருளுக்கு இழுவிசையே இல்லை என்ற பொய் விடை வரும். அவர் பாகுநிலையைப் படலத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டார். பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் கைக்கு அடங்கின.

தமிழ்ச் சொல்தான் எனக்கு நெருக்கம். பரப்பின் விளிம்பும் எல்லை, பாகுநிலை சுழியை நெருங்கும் கணிதமும் எல்லை. பழந்தமிழில் பகலுக்கும் அதுவே பெயர்.