கதவைச் சாத்தினா பாட்டு தேயும்

பாட்டு முடியும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு காணாமப் போகுமே, ஃபேட் அவுட்... அது ரிக்கார்டிங் தியேட்டர்ல பிறந்த சமாச்சாரம்னுதான் பலரும் நினைக்கிறாங்க. இல்லைங்க. 1918-ல லண்டன்ல ஹோல்ஸ்ட்டோட 'தி பிளானட்ஸ்' அரங்கேறிச்சு. கடைசிப் பகுதி நெப்டியூன். அதுல பாடுற பெண்களைப் பக்கத்து அறையில நிறுத்தி, முடிவுல நடுக்கதவை மெதுவாச் சாத்தணும்னு மனுஷன் எழுதியே வெச்சுட்டார். வால்யூம் குமிழுக்குப் பதிலா ஒரு கதவு!

கம்மாபுரத்துலேர்ந்து சிதம்பரம் ஆனித் தேருக்குப் போனவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. கீழவீதியில நாயனமும் தவிலும் காதைப் பிளக்கும். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பினதும் நாயனத்தோட கூர்மை முதல்ல மங்கும், தவிலோட தொப்பிச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் வந்துக்கிட்டே இருக்கும். அடிஸ்தாயி ஒலி மூலை முடுக்குல வளைஞ்சு வரும், உச்சஸ்தாயிக்கு அந்த சாமர்த்தியம் பத்தாது. வெறும் வால்யூமை மட்டும் குறைச்சா இந்தத் 'தூரம் போற' உணர்வு வராதுங்கறது இதனாலதான்.

சரி, வீடியோ கேமுக்கு வருவோம். சினிமாவுல காட்சி எப்ப முடியும்னு எடிட்டருக்குத் தெரியும். கேம்ல அது ஆடுறவன் கையில. இசையமைப்பாளர் ராப்பகலா உழைச்சுப் போட்ட மெட்டை, எவனோ ஒருத்தன் கதவைத் திறந்த அடுத்த நொடியே அறுத்தாகணும். 1978-ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல இந்தத் தலைவலி இல்ல. நாலே சுரம், எதிரி குறையக் குறைய வேகம் கூடும், அவ்ளோதான். 1983-ல நின்டெண்டோவோட ஃபேமிகாம் வந்துச்சு (தொண்ணூறுகள்ல நம்மூர்ப் பசங்க டிவியில மாட்டி ஆடினது இதோட நகல்களைத்தான்). அதுல மெலடி வாசிக்கிற சேனலுக்கு வால்யூம் மொத்தமே 16 படி. சத்தம் தேயாது, படியில இறங்கும். பேஸ் வாசிக்கிற முக்கோண அலைக்கு வால்யூமே கிடையாது. ஒண்ணு ஒலிக்கும், இல்லன்னா வாய் மூடும். அதை வெச்சுக்கிட்டு எங்கேருந்து ஃபேட் பண்றது?

என்னைக் கேட்டா நிஜமான திருப்பம் 1991-ல, மங்கி ஐலண்ட் 2. லூகாஸ் ஆர்ட்ஸ்ல மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் ரெண்டு பேரும் ஐமியூஸ்னு ஒண்ணு எழுதினாங்க. நீங்க வேற இடத்துக்குப் போனா பாட்டை உடனே வெட்டாது. தாளம் சரியான இடத்துக்கு வர்ற வரைக்கும் பொறுத்திருந்து அங்கேருந்து அடுத்த மெட்டுக்குத் தாவும். கச்சேரியில பக்கவாத்தியக்காரர் சமத்துக்குக் காத்திருப்பாரே, அதே மரியாதை! மிடி குறிப்பா இருந்ததால இது முடிஞ்சது. அப்புறம் சிடி வந்துச்சு, பதிவு பண்ணின இசையை அப்படியே ஓடவிட்டாங்க. தரம் ஏறிச்சு, பல கேம்கள்ல இந்தச் சாமர்த்தியம் இறங்கிச்சு, பழையபடி வெட்டும் ஃபேடும்தான்.

அந்த ஃபேடையாவது ஒழுங்காச் செய்யலாம்ல? பாட்டை டப்புன்னு நிறுத்தினா அலை பாதியில அறுந்து 'டிக்'னு ஒரு சத்தம் வரும். நேர்கோட்டுல குறைச்சாலும் காது ஏமாறாது. காதோட கணக்கு டெசிபல் கணக்கு. நேர்கோட்டுல பாதி தூரம் வந்தும் வெறும் 6 டெசிபல்தான் குறைஞ்சிருக்கும், மிச்சம் அத்தனையும் கடைசியில தடால்னு விழும். ஒரு பாட்டுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போது நடுவுல ரெண்டையும் 0.5-ல வெச்சா ஒரு பள்ளம் விழும். அந்த இடத்துல 0.707 வையுங்க, பள்ளம் தூர்ந்துடும்.