உலர் சம்ப் உயவுமுறையும் டீசல் இன்ஜின் மாற்றமும்

உலர் சம்ப் என்பது இன்ஜின் ஆயிலை அடித்தட்டில் தேக்கி வைக்காமல் தனிக் கலத்தில் வைத்துச் சுழற்றும் உயவுமுறை. ஒரு பம்ப் கலத்திலிருந்து ஆயிலை எடுத்து அழுத்தத்துடன் பேரிங்குகளுக்கு அனுப்பும். அங்கிருந்து வழிந்து கீழே இறங்கும் ஆயிலை இரண்டாவது பம்ப் அப்போதைக்கப்போது உறிஞ்சிக் கலத்துக்கே திருப்பும். முதல் பம்பை மெக்கானிக்குகள் ஃபீட் பம்ப் என்றும் இரண்டாவதை ரிட்டர்ன் பம்ப் என்றும் சொல்வார்கள். சாதாரண கார், லாரி, டிராக்டர் இன்ஜின்களில் இருப்பது இதற்கு மாறான ஈர சம்ப். அதில் அடியில் உள்ள தொட்டியே கலமாகவும் இருக்கிறது. ஒரு பம்ப் போதும்.

ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொரு டீசல் இன்ஜினை ஏற்றும்போது இந்த முறை இரண்டு காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது. முதலாவது உயரம். புதிய இன்ஜினின் சம்ப் முன் அச்சிலோ குறுக்குச் சட்டத்திலோ இடிக்கும். இன்ஜினை மேலே தூக்கினால் பானெட் மூடாது. இரண்டாவது சாய்வு. செங்குத்தான ஏற்றத்திலும் வேகமான வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை இழுக்கும். டீசல் இன்ஜினில் பேரிங்குகளின் மீது விழும் சுமை அதிகம் என்பதால், ஆயில் சில நொடிகள் நின்றாலே கிராங்க் பேரிங் போய்விடும்.

வகைகள்

கலம் இருக்கும் இடத்தை வைத்து உலர் சம்ப் இன்ஜின்களை மூன்றாகப் பிரிக்கலாம். கலம் முற்றிலும் தனியாக, குழாய்களால் மட்டும் இணைக்கப்பட்டிருப்பது முதல் வகை. பந்தயக் கார்களும் பீரங்கி வண்டிகளும் இதில் சேரும். இன்ஜின் வார்ப்பிலேயே தனி அறையாகக் கலம் அமைந்திருப்பது இரண்டாவது. இதற்கு நம் சாலைகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடிய பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிளே சான்று. கிராங்க் கேஸின் பின்பகுதியில் சுவர் வைத்துப் பிரித்த அறையில் அதன் ஆயில் இருக்கும். வெளியே தனி டாங்க் இல்லாததால் புல்லட்டை ஈர சம்ப் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கிராங்க் சுழலும் அறையில் ஆயில் தேங்குவதில்லை, ஃபீடுக்கும் ரிட்டர்னுக்கும் தனித்தனிப் பம்ப் இருக்கிறது. எனவே அது உலர் சம்ப்தான். கப்பல்களின் பெரிய இரண்டடிச் சுழற்சி டீசல் இன்ஜின்கள் மூன்றாவது வகை. ஆயில் தன் எடையாலேயே கப்பலின் அடித்தளத்திலுள்ள தொட்டிக்கு இறங்கும்; தனி மோட்டார் பம்ப் அதை மேலே ஏற்றும். ரிட்டர்ன் பம்ப் இல்லாத உலர் சம்ப் அது.

ஈர சம்பிலும் உட்பிரிவுகள் உண்டு. பம்ப் வைத்து அழுத்தத்துடன் அனுப்புவது ஒன்று. பம்பே இல்லாமல் தெளிப்பு முறையில் நனைப்பது இன்னொன்று. தெளிப்பு முறையில் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலைத் தொட்டு வாரி இறைக்கும்.

வரலாறு

மோட்டார் சைக்கிளின் தொடக்க ஆண்டுகளில் ஆயில் திரும்பி வரும் பேச்சே இல்லை. ஓட்டுபவர் கைப்பம்பை அழுத்தி அவ்வப்போது கொஞ்சம் ஆயில் விடுவார். அது எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துபோகும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1913ஐ ஒட்டி வெளியிட்ட 425 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஆயில் தானாகச் சுழன்று திரும்பும் ஏற்பாட்டைச் செய்தது. அதன் ஆயில் கலம் கண்ணாடியாலானது. எவ்வளவு மிச்சமிருக்கிறது, என்ன நிறத்துக்கு வந்திருக்கிறது என்பதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். 

அந்த மரபே புல்லட்டுக்கு வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெட்டிச் நிறுவனத்துடன் கூட்டாக என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இறக்குமதி உதிரிகளைப் பூட்டினார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை மூடப்பட்டு, அங்கே மறந்துபோன பிறகும் இந்த உயவுமுறை வடசென்னையில் தொடர்ந்து வார்க்கப்பட்டது. கிராங்கின் முனையிலுள்ள வார்ம் கியர் ஒரு குறுக்குத் தண்டைச் சுழற்றும். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பம்ப். வந்த ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் ரிட்டர்ன் பம்ப் ஃபீட் பம்பைவிடப் பெரியது. உலர் சம்பின் அடிப்படை விதி இதுதான். 350 சிசி வண்டிக்கும் பீரங்கி வண்டிக்கும் பொதுவானது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அறையிலுள்ள ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் இறங்கிவிடும். அடுத்த முறை கிளப்பும்போது வரும் புகை, பிஸ்டன் மோதிரம் தேய்ந்ததால் வருவதல்ல. ரிட்டர்ன் பம்ப் அதை இழுத்து முடித்ததும் புகை நின்றுவிடும். இது தெரியாமல் இன்ஜினைப் பிரித்தவர்கள் பலர். 2008க்குப் பின் வந்த ஒருங்கிணைந்த இன்ஜின்களில் ராயல் என்ஃபீல்ட் ஈர சம்புக்கு மாறியது.

டீசலில் உலர் சம்பைப் பெரிய அளவில் நிலைநாட்டியது சோவியத் ஒன்றியத்தின் வி-2 இன்ஜின். கார்கிவ் ரயில் இன்ஜின் ஆலையில் உருவாகி 1939இல் உற்பத்திக்கு வந்தது. 12 சிலிண்டர், 38.8 லிட்டர், 500 குதிரைத்திறன், அலுமினிய உடல். டி-34 பீரங்கி வண்டியை இதுவே இழுத்தது. அதன் ஆயில் பம்பில் மூன்று பிரிவுகள்: ஒன்று ஃபீட், இரண்டு ரிட்டர்ன். வண்டி மேடேறினால் ஆயில் பின்னால் போகும், இறங்கினால் முன்னால் வரும். இரண்டு இடத்திலும் உறிஞ்சும் வாய் இருந்தால்தான் எந்தச் சாய்விலும் கிராங்க் அறை வறண்டிருக்கும். அடியில் ஆழமான தொட்டி இல்லாததால் இன்ஜினைத் தாழ்வாக வைக்க முடிந்தது. ஆயில் கலங்கள் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் போயின.

இந்த வம்சம் தமிழ்நாட்டுக்கு வந்த வழி ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1980களின் பிற்பகுதியிலிருந்து டி-72 பீரங்கி வண்டிகளை உரிமத்தின் பேரில் கட்டியது. அவற்றுக்கு இன்ஜின் செய்வதற்காகவே ஆவடி இன்ஜின் தொழிற்சாலை 1987இல் நிறுவப்பட்டது. டி-72இன் வி-46 இன்ஜின் அதே 150 மில்லிமீட்டர் துளை, அதே 38.8 லிட்டர், அதே உலர் சம்ப். திறன் மட்டும் 780 குதிரைக்கு ஏறியது. டி-90 பீரங்கி வண்டிக்கான வி-92 வகை 1000 குதிரை. கிளப்புவதற்கு முன் ஒரு சிறு மின் பம்ப் ஆயிலை உள்ளே அழுத்திப் பேரிங்குகளை நனைத்துவிடும்; அழுத்தம் ஏறிய பின்புதான் இன்ஜின் சுழலும். உலர் சம்ப் டீசலைச் சொந்தமாக வார்த்து, கடைந்து, பூட்டி, சோதித்த அனுபவம் ஆவடிக்கு உண்டு. மோட்டார் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இதைக் கண்டுகொள்ளாதது பெரிய குறை.

பந்தயத்தில் டீசலுக்கு மதிப்பு வந்தது மிகவும் பிந்தி. 2006இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் டீசல் கார் ஆடி ஆர்10. அதன் 5.5 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினும் உலர் சம்ப் கொண்டதே.

எதிர்த்திசையில் ஒரு மாற்றம்: டீசல் புல்லட்

பெட்ரோல் விலை ஏற ஏற, 1980களிலும் 1990களிலும் புல்லட்டின் சட்டத்தில் டீசல் இன்ஜினை ஏற்றும் வேலை பட்டறைகளில் பரவியது. என்ஃபீல்ட் நிறுவனமே பின்னர் அதைச் செய்தது. டாரஸ் என்ற பெயரில் திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டியில் கிரீவ்ஸ் லம்பார்டினியின் 325 சிசி ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. 3600 சுற்றில் 6.5 குதிரைத்திறன். புல்லட்டின் நான்கு கியர் பெட்டி அப்படியே தங்கியது. போனது உலர் சம்ப்: அந்த டீசல் இன்ஜின் தன் அடியிலேயே ஆயிலை வைத்திருக்கும் ஈர சம்ப் வகை. சட்டத்தில் அதற்கு இடம் இருந்ததாலும், மணிக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குச் சாய்வு ஒரு சிக்கல் இல்லை என்பதாலும் யாரும் உலர் சம்பைத் தேடவில்லை. புகை விதிகள் இறுகியதும் 2000ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. குஜராத்தின் சக்கடோ மூன்று சக்கர வண்டியும் இதே குடும்பம்: முன்பாதி புல்லட், நடுவில் டீசல் இன்ஜின், பின்னால் சுமைத் தட்டு.

மாற்றும் பணி

ஈர சம்ப் டீசலை உலர் சம்பாக மாற்றுவதில் முதல் வேலை ஆழமான சம்பைக் கழற்றி ஆழமற்ற தட்டை மாட்டுவது. தட்டில் இரண்டு அல்லது மூன்று இடத்தில் உறிஞ்சும் வாய் வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் கம்பி வலை வைக்க வேண்டும். சில டீசல் இன்ஜின்களில் சம்பே கிராங்க் கேஸுக்கு வலுவூட்டும் பாகம். வார்ப்பு சம்பை எடுத்துவிட்டுத் மெல்லிய தகரத்தில் தட்டு செய்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். அதனால் தட்டை அலுமினியத் தகட்டில் தடிமனாகக் கடைவதே முறை.

பம்ப் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே, பல் பெல்ட் மூலம் கிராங்கின் பாதி வேகத்தில் ஓடும். ரிட்டர்ன் பிரிவுகளின் மொத்த இழுப்பு ஃபீடின் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. டீசலில் பிஸ்டனின் அடிவயிற்றைக் குளிர்விக்க ஆயில் பீய்ச்சும் குழல்கள் இருப்பதால் வழிந்து வரும் ஆயில் பெட்ரோல் இன்ஜினைவிட அதிகம்; கணக்கைத் தாராளமாகவே வைக்க வேண்டும். இங்கே சிக்கனம் செய்தால் கிராங்க் அறையில் ஆயில் ஏறும். பெட்ரோல் இன்ஜினில் அதன் விளைவு பெரும்பாலும் புகைதான். டீசலில் அந்த ஆயில் மோதிரங்களைத் தாண்டியோ, கிராங்க் அறைக் காற்றை வெளியேற்றும் பிரீதர் வழியாகவோ எரியறைக்குப் போனால் அதுவே எரிபொருளாகி, டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று வழியை அடைத்தால்தான் அடங்கும். ஆகவே பிரீதர் குழாயை இன்டேக்கில் சேர்க்காமல் ஆயிலைப் பிடித்துவைக்கும் தனிக் கலத்துக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

கலம் குட்டையாக அகன்றிருப்பதைவிட ஒல்லியாக உயர்ந்திருப்பது நல்லது. திரும்பும் ஆயிலை மேலே சுவரை ஒட்டிச் சாய்வாக விட்டால் அது சுழன்று இறங்கும்போது காற்று பிரிந்துவிடும். மோர் கடைந்தபின் நுரை மேலே நிற்பதுபோல நுரை மேலேயும் தெளிந்த ஆயில் அடியிலும் நிற்கும். ஃபீட் பம்பை அந்த அடியிலிருந்து எடுக்க வேண்டும். அளவுக்குச்சியை இன்ஜின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஆறிய பின் பார்த்துவிட்டு ஆயில் குறைவென்று ஊற்றுவது புல்லட் காலத்திலிருந்தே நடக்கும் பிழை.

டர்போ இருந்தால் அதன் ஆயில் வடிகுழாய்க்கும் வழி வைக்க வேண்டும். அது தன் எடையால் மட்டுமே இறங்கும். இன்ஜினைத் தாழ்த்தியதில் குழாய் படுத்துவிட்டால் டர்போவின் சீல் வழியே ஆயில் கசியும். அப்போது அதற்கென்று ஒரு ரிட்டர்ன் பிரிவு ஒதுக்குவதே வழி. டீசல் ஆயிலில் கரி அதிகம் சேருவதால் வடிகட்டியைப் பெரிதாக எடுப்பதும், கலத்தையும் குளிர்விப்பானையும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் வடித்துக் காலியாக்குவதும் தேவை. முதல்முறை கிளப்புமுன், டீசலை அடைத்துவைத்து, கேஜில் அழுத்தம் தெரியும்வரை பம்பைத் தனியாகச் சுழற்றுவார்கள். ஆவடியில் மின் பம்ப் செய்யும் அதே வேலை.

சாதாரணச் சாலை வண்டிக்கு இத்தனையும் வேண்டியதில்லை. சம்பை அறுத்து, ஆழத்தை முன்னாலிருந்து பின்னால் மாற்றி வெல்டு வைத்து, உறிஞ்சு குழாயையும் அதற்கேற்ப நீட்டினாலே பெரும்பாலான ஜீப், வேன் மாற்றங்கள் முடிந்துவிடும். உலர் சம்ப் அதற்குப் பின்னும் இடம் போதாத வண்டிக்கும், சாய்ந்து ஓடியே ஆக வேண்டிய வண்டிக்கும் உரியது.

காவிரிப் படுகையில்

தாராசுரம், கும்பகோணம் பக்கத்தில் டீசல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வயல் ஆயில் இன்ஜின். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றியது ஃபில்டர் பாயிண்ட் எனப்படும் ஆழமற்ற குழாய்க் கிணற்றின் மேல் நின்ற இந்த இன்ஜின்தான். அரசலாற்றுக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவைப்பார்கள். லிஸ்டர் வகை மெது இன்ஜின்களில் தெளிப்பு முறை என்பதால் வரப்பில் மட்டம் பார்த்து வைப்பது அவசியம். சாய்ந்து நின்றால் துடுப்புக்கு ஆயில் எட்டாது. மட்டமாக நின்று ஓடும் இன்ஜினுக்கு உலர் சம்ப் வீண் செலவு. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் மோட்டார் உள்ள இடங்களில் இந்த இன்ஜின்களின் வேலை குறைந்தது.

நாகப்பட்டினம் கடற்கரையில் நிலை வேறு. டாரஸில் இருந்ததன் உறவுக்கார லம்பார்டினி இன்ஜின்கள் ஃபைபர் படகுகளில் நீண்ட வால் தண்டோடு பூட்டப்படுகின்றன. ஆழமில்லாத இடத்தில் வாலைத் தூக்கினால் இன்ஜினும் சேர்ந்து சாயும். கரையேற்றும்போது இன்னும் சாயும். உலர் சம்பின் பயன் உண்மையிலேயே தெரியக்கூடிய இடம் இதுவே. ஆனால் படகுக்கு ஆகும் கூடுதல் பெல்ட், குழாய், கலம் எல்லாம் உப்புக்காற்றில் துருவேறும் புதிய பழுதுகள். எனவே சாய்வு நீளாமல் பார்த்துக்கொண்டு ஈர சம்போடேயே ஓட்டுகிறார்கள். அது சரியான முடிவு.

சட்டமும் இன்றைய நிலையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலும் பதிவுச் சான்றில் திருத்தமும் வேண்டும். பீரங்கி வண்டிப் பக்கம், ஆவடி தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் முதல் கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தன. டி-72 வண்டிகளின் 780 குதிரை இன்ஜினுக்குப் பதில் 1000 குதிரை இன்ஜினை ஏற்ற 2025 மார்ச்சில் ரஷ்யாவின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழில்நுட்பம் ஆவடிக்கு மாற்றித் தரப்படும்.